கேப்டன் தண்ணீர் கொடுத்த பாட்டு

வெர்டெல் நியூயார்க்கில் அந்தப் பாட்டைப் பாடிப் பதிவுசெய்த நாளில் அவளுடைய மகன் கிளெமென்ட் ஜெயிலுக்கு வெளியேதான் இருந்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெற்ற பிள்ளை உள்ளே கிடக்கும்போது கேப்டனைத் திட்டிப் பாட்டுப் பாடினாள் என்று பின்னால் ஊரில் பேசினார்கள். அப்படி இல்லை.

அவள் என் நாத்தனார். என் கணவர் லான்ஸோ பெட்டிஃபோர்டுக்கு ஒரே தங்கை. அவளுடைய புருஷன் நார்ஃபோக் கப்பல்துறையில் வேலை தேடிப் போனவன், திரும்பவே இல்லை. அதனால் மகனோடு எங்கள் வீட்டிலேயே இருந்தாள். நானும் அவளும் பெல்டன் புகையிலை ஆலையில் காம்பு கிள்ளுகிறவர்கள். நாள் முழுக்க இலையின் நடு நரம்பை உரித்து உரித்து விரல் நுனி கறுத்துப்போகும். இருமினால் எச்சில்கூடப் பழுப்பாகத்தான் வரும். ஆனால் இலையுதிர் காலத்தில் புகையிலை ஏலம் தொடங்கிவிட்டால் வெர்டெல் வேறு ஆள். சனிக்கிழமை மதியம் ஆலைச் சங்கு ஊதியதும் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு மண்டித் தெருவுக்குப் போய்விடுவாள்.

அழகான குரல் என்று சொல்லமாட்டேன். கரகரவென்று இருக்கும், உயரே போகும்போது கிழியும். கிழிகிற இடத்துக்காகத்தான் ஆட்கள் காத்திருப்பார்கள். வண்டி ஓட்டிகள், மூட்டை தூக்குகிறவர்கள், சரக்கு விற்று முடித்த விவசாயிகள் எல்லாம் சுற்றி நிற்பார்கள்.

"ஏய் வெர்டெல், கொஞ்சம் மெதுவா அழுடீ. என் புகையிலை ஈரமாயிடும், அப்புறம் ஒருத்தனும் தொடமாட்டான்" என்பான் ஒருவன்.

"உன் புகையிலையைக் காஞ்சிருந்தப்பவே ஒருத்தனும் தொடலையே" என்று பாட்டின் நடுவிலேயே பதில் சொல்லிவிட்டு, தாளம் தப்பாமல் அடுத்த அடிக்குப் போய்விடுவாள்.

என் கணவர் அந்த மண்டியில்தான் மூட்டை தூக்கினார். எடை விஷயத்தில் ஒரு வெள்ளைக்காரக் கணக்கனிடம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசிவிட்டார். அன்று மாலையே பிடித்துக்கொண்டு போனார்கள். கைதிகள் வேலை செய்கிற ரோடு கேம்ப்பில் போட்டார்கள். காலில் சங்கிலியோடு கல் உடைத்து மாவட்டத்துக்கு ரோடு போடும் வேலை. அந்தக் கேம்ப்புக்கு கேப்டன் ஸ்லோன் என்பவன் பொறுப்பு.

ஆகஸ்ட் மாதம் ஒரு பைன் மரப் பெட்டியில் அவரைக் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். வெயில் தாங்காமல் இறந்துவிட்டார் என்றார்கள். குளிப்பாட்டும்போது நான் மணிக்கட்டுகளைப் பார்த்தேன். கயிறு எலும்புவரைக்கும் போயிருந்தது. நான் பார்த்ததை வெர்டெலும் பார்த்தாள். இருவரும் சட்டைக் கையை இழுத்துப் பொத்தான் போட்டோம்.

கேம்ப்பிலிருந்து விடுதலையாகி வந்த ஹோஸியா லயான் என்பவன் பிறகு விஷயத்தைச் சொன்னான். காய்ச்சலில் என் கணவரால் மண்வெட்டியைத் தூக்க முடியவில்லையாம். கம்பத்தில் நிற்கவைத்துக் கட்டியிருக்கிறார்கள். காலையிலிருந்து தண்ணீர் தண்ணீர் என்று கத்தியிருக்கிறார். கேப்டன் ஸ்லோன் வாளியை எடுத்துக்கொண்டு கிட்டே போனானாம். எல்லாரும் கொடுக்கத்தான் போகிறான் என்று நினைத்தார்களாம். அவர் கண்ணெதிரே வாளியை மண்ணில் கவிழ்த்துவிட்டு, "குனிஞ்சு குடி" என்றானாம்.

அந்தப் பாட்டு எங்கள் சமையலறையில் பிறந்தது. நான் சோள மாவு பிசைந்துகொண்டிருந்தேன். அவள் கிட்டாரை மடியில் வைத்து ஒரே கம்பியைத் தட்டிக்கொண்டே இருந்தாள். அப்புறம் வாயைத் திறந்தாள்.

"கேப்டன் ஸ்லோன், என் அண்ணன் தண்ணி கேட்டானே,
ஆமா, கேப்டன் ஸ்லோன், என் அண்ணன் தண்ணி கேட்டானே,
வாளியை அவன் கண்ணெதிர மண்ணுல கவுத்தியே."

முதல் வரியை இரண்டு தடவை பாடி மூன்றாவதில் பதில் சொல்வது எங்கள் பக்கத்துப் பாட்டுகளின் வழக்கம். முதல் தடவையே நான் மாவிலிருந்து கையை எடுத்துவிட்டேன். "இதை வீட்டுக்கு வெளியில பாடாதடீ" என்றேன். "பாடமாட்டேன் அண்ணி" என்றாள். ஊரில் பாடவும் இல்லை.

ஊரில் நாற்காலியும் கட்டிலும் கிராமபோன் பெட்டியும் விற்கும் காகின் என்ற வெள்ளைக்காரர், இசைத்தட்டுக் கம்பெனிக்குப் பாடகர்களைப் பிடித்துக் கொடுப்பார். அவர்தான் வெர்டெலைத் தன் காரில் நியூயார்க்குக்குக் கூட்டிப்போனார். ஆலை சில நாள் மூடிக்கிடந்த சமயம் அது. அங்கே ஜன்னல் இல்லாத ஒரு அறையாம். சிவப்பு விளக்கு எரிந்தால் பாடவேண்டும், அணைவதற்குள் முடிக்கவேண்டும். மண்டித் தெருவில் பாடுகிற மூன்று பாட்டுகளைப் பாடியிருக்கிறாள். அவ்வளவுதான் என்று எழுந்திருக்கும்போது, கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஒருவர், "இன்னொண்ணு இருந்தா பாடும்மா, பாட்டைப் பதியற மெழுகுத் தட்டு மிச்சமிருக்கு" என்றாராம்.

"எனக்கு அந்த நேரத்துல வேற எதுவுமே ஞாபகம் வரலை அண்ணி" என்று வந்ததும் என்னிடம் சொன்னாள். "சுவரைப் பாத்துப் பாடினேன். அங்க யாருக்கு ஸ்லோனைத் தெரியும்? பாடி முடிச்சதும் எனக்கு ஏதோ சாப்பிட்ட மாதிரி இருந்துச்சு. அண்ணன் செத்ததுலேருந்து எனக்கு அப்படி இருந்ததே இல்லை."

நான் திட்டவில்லை. உள்ளுக்குள் எனக்கும் அது பிடித்திருந்தது. எங்கேயோ ஒரு மெழுகில் ஸ்லோன் பெயர் குத்தப்பட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

கிளெமென்ட் அப்போது வெளியூரில் ஒரு மரம் அறுக்கும் ஆலையில் தங்கிக் கூலிக்கு இருந்தான். பிறகு அந்த ஆலை மூடிவிட்டது. வேலை கேட்டு ஊர் ஊராக நடந்துவிட்டு, ரயில் கேட்டருகே உட்கார்ந்து ஷூவிலிருந்து கல்லைக் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறான். வேலைவெட்டி இல்லாமல் திரிகிறான் என்று வழக்குப் போட்டு வசந்தகாலம்வரை தண்டனை கொடுத்தார்கள். எந்தக் கேம்ப் என்று வெர்டெல் கோர்ட் வாசலில் ஒரு காவலாளியைக் கேட்டாள். அவன் சொன்னதும் அவள் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாள். ஸ்லோனின் கேம்ப்.

அதற்கடுத்த வாரம் காகின் கடைக்கு இசைத்தட்டுகள் வந்து இறங்கின.

அன்று ஆலை விட்டு வரும்போது காகின் கடைவாசலில் கூட்டம். கறுப்பர்களான எங்கள் ஜனம் உள்ளே போய் நிற்க முடியாது என்பதால், அவர் கிராமபோனைக் கதவோரம் வைத்துத் தெருவைப் பார்த்துத் திருப்பியிருந்தார். வெர்டெலின் குரல் அந்தப் புனலிலிருந்து வந்துகொண்டிருந்தது. முதலில் கைதட்டல், சிரிப்பு. "நம்ம வெர்டெலா இது! பெட்டிக்குள்ள எப்படிடீ புகுந்த?" என்றாள் ஒருத்தி. பிறகு தட்டைத் திருப்பிப் போட்டார் காகின். கேப்டன் ஸ்லோன் என்று குரல் ஆரம்பித்ததும் தெருவே நின்றுவிட்டது. ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார். இரண்டாவது தடவை அந்த வரி வந்தபோது எல்லாரும் அடித்தொண்டையில் ம்ம் கொட்டினார்கள். சர்ச்சில் பதில் சொல்வதுபோல.

வெர்டெல் என் கையைப் பிடித்திருந்தாள். அவள் நகம் என் தோலில் இறங்கிவிட்டது.

"அண்ணி, அவன் கையில என் பிள்ளை இருக்கான்" என்றாள்.

மறுநாள் கடையின் பின்வாசலுக்குப் போய் நின்றோம். காகின் கெட்டவர் இல்லை. எங்களை உட்காரச் சொல்லி ஒரு பெட்டியைக் காட்டினார்.

"ஐயா, அந்த ஒரு தட்டை மட்டும் விக்காதீங்க. திருப்பி அனுப்பிடுங்க."

"என்ன வெர்டெல் இது! வந்து இறங்கினதும் இப்படி ஓடற தட்டை நான் பாத்ததே இல்லை. உனக்குச் சந்தோஷமா இருக்கணும்."

"அதுல அவர் பேரு இருக்குதுங்க ஐயா. கேப்டன் பேரு."

"யாரு வார்த்தையைக் கேக்கறாங்க? ராகத்தைத்தான் கேக்கறாங்க. நானே நேத்துவரைக்கும் அது 'கேப்டன், சொல்லு'ன்னு நெனச்சேன்." சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, வாசல்ல போடலை. ஆனா கேட்டு வர்றவங்களுக்கு இல்லைன்னு சொல்ல முடியாது. கம்பெனிக்கு நான் பதில் சொல்லணும்" என்றார்.

"என் பையன் அங்க இருக்கான் ஐயா."

"அது வருத்தம்தான்" என்றார்.

அதனால் வெர்டெல் வீடு வீடாகப் போக ஆரம்பித்தாள். காலையில் ஆலை, மாலையில் இது. நானும் கூடப் போனேன். தட்டு வாங்கியவர்கள் யார் யார் என்று எங்கள் பகுதியில் எல்லாருக்கும் தெரியும். கிராமபோன் உள்ள வீடுகள் அதிகம் கிடையாது, இருக்கிற வீட்டில்தான் தெருவே கூடும். கதவைத் தட்டி, "என் பாட்டை உடைச்சிடுங்க" என்பாள். முதலில் சிரிப்பார்கள். "உன் பாட்டை நீயே கெடுத்துக்கற, வேற எவளாவது பொறாமையில கேட்டாகூடப் புரியும்" என்றான் முடிவெட்டுகிற ஆர்ச்சி. விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. சுவரில் மாட்டியிருந்த சீப்பையெல்லாம் சரிசெய்துவிட்டு, தட்டை உறையிலிருந்து எடுத்துக் கத்திரிக்கோல் பிடியால் அடித்தான். ஒரு துண்டு அவள் காலடியில் வந்து விழுந்தது. அவள் குனிந்து பொறுக்கி அடுப்பில் போட்டாள். தட்டின் அரக்கு எரிகிற நாற்றம் அன்று முழுக்க என் மூக்கில் இருந்தது.

சிலர் கொடுத்தார்கள். சிலர் உடைத்துவிட்டதாகப் பொய் சொன்னார்கள். நாங்கள் படியிறங்குவதற்குள் ஜன்னல் வழியே அதே பாட்டு மெதுவாகக் கேட்கும். ஒருவன் கதவைத் திறக்கவே இல்லை. வெர்டெல் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள்.

யூஜீனியா சாட்டர்ஃபீல்ட் அக்கா வீட்டுக்குக் கடைசியாகப் போனோம். அவளுடைய மூத்த மகனும் அதே கேம்ப்பில்தான் செத்துப்போனான். என் கணவருக்கு முந்தின வருஷம். அவனுக்குப் பெட்டிகூட வரவில்லை. எங்கே புதைத்தார்கள் என்றும் சொல்லவில்லை. அவள் எங்களுக்குக் காப்பி வைத்துக் கொடுத்தாள். வெர்டெல் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டாள்.

"முடியாது தங்கச்சி" என்றாள்.

"அக்கா, உங்க கால்ல விழறேன்."

"விழாத. எழுந்து உக்காரு. என் பையன் செத்தப்ப பாஸ்டர் அவன் பேரைச் சொன்னாரா? பத்திரிகையில போட்டானா? இந்த ஊர்ல ஒரு வாயி ஸ்லோன்னு சொன்னதில்ல. நீதான் சொன்ன. தினம் வேலைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை போட்டுக் கேக்கறேன். கேட்டாத்தான் எனக்கு எழுந்து நடக்க முடியுது."

"உங்க பையன் போயிட்டான் அக்கா. என் பையன் இருக்கான்."

வெர்டெல் இதைச் சொல்லியிருக்கக்கூடாது. சாட்டர்ஃபீல்ட் அக்கா கோப்பையைக் கீழே வைத்தாள். ஆனால் அவள் கத்தவில்லை.

"ஆமா, இருக்கான். இருக்கட்டும்னு நானும் ஜெபம் பண்றேன். தட்டைத் தரமாட்டேன். மெதுவா போட்டுக்கறேன், ஜன்னலைச் சாத்திக்கறேன். அவ்வளவுதான் என்னால முடியும்."

வெளியே வந்ததும் வெர்டெல், "அவங்க இடத்துல இருந்தா நானும் தரமாட்டேன்" என்றாள். அதன்பிறகு வழிநெடுக அழுதாள்.

இத்தனை செய்தும் அது அவன் காதுக்குப் போய்விட்டது. மனைவிக்கு ஆடும் நாற்காலி வாங்க காகின் கடைக்கு வந்த ஸ்லோன், இசைத்தட்டு அடுக்கைப் புரட்டியிருக்கிறான். கடைப் பையன் ஒருவன் பல்லைக் காட்டிக்கொண்டு, "உங்களைப் பத்தி ஒரு பாட்டு இருக்கு கேப்டன்" என்றானாம்.

அடுத்த சனிக்கிழமை வெர்டெல் வழக்கம்போல மண்டித் தெருவில் தன் பழைய பாட்டுகளோடு உட்கார்ந்திருந்தாள். பட்டப்பகலில், ஏலக்காரன் கத்திக்கொண்டிருந்த நேரத்தில் ஸ்லோன் வந்தான். நான் அவனை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தது அதுதான் முதல் தடவை. பெரிய ஆள் இல்லை. சுத்தமாகச் சவரம் செய்த முகம். சர்ச்சுக்குப் போகிறவன்போல இஸ்திரி போட்ட சட்டை. சுற்றி நின்றவர்கள் தானாக விலகினார்கள்.

"நீதானே அந்தப் பாட்டுக்காரி?"

"ஆமாங்க ஐயா." வெர்டெல் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"பயப்படாத. எனக்குப் பாட்டு பிடிக்கும். என் பேரு நியூயார்க் வரைக்கும் போயிருக்கு. என் வீட்டுக்காரி நம்பவே மாட்டேங்கறா." சிரித்தான். "பாட்டு நல்லாத்தான் இருக்கு. ஒரு எடத்துலதான் தப்பு. யாரோ உனக்குத் தப்பாச் சொல்லியிருக்காங்க."

அவள் தரையில் கிடந்த கிட்டாரைப் பார்த்தாள்.

"நான் வாளியைக் கவுக்கலை. தண்ணி கொடுத்தேன். என் கையாலயே கொடுத்தேன். வெயிலு கொண்டுபோச்சு, அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? உன் பையன் நல்ல வேலைக்காரன். மாமன் மாதிரி இல்லை. அவனுக்கும் வெயில்ல அலைச்சல் இல்லாம ஏதாவது பண்ணலாம்னு பாக்கறேன்." தொப்பியைச் சரிசெய்துகொண்டான். "நாளைக்குப் பாக்க வர்ற ஞாயித்துக்கிழமைதானே? கிட்டாரையும் எடுத்துட்டு வா. பசங்க பாட்டு கேட்டு நாளாச்சு. சரியான வார்த்தையோட பாடு."

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் நான் கேட்டேன்.

"பாடப்போறியா?"

"வேற வழி சொல்லுங்க அண்ணி."

"அந்த வார்த்தையைப் பாடினா நீ என் புருஷனை இன்னொரு தடவை கட்டிவைக்கற."

"அவன் எனக்கு அண்ணன். உங்களுக்கு முன்னாடியே எனக்கு அண்ணன்." அவள் கத்தினாள். பிறகு குரல் இறங்கியது. "அவனை என்னால காப்பாத்த முடியலை. இவனை விட்டுட்டு நான் உண்மையை வெச்சுக்கிட்டு என்ன பண்ணட்டும்? சொல்லுங்க. நீங்க வேண்டாம்னு சொன்னா நான் போகலை. ஆனா நீங்க சொல்லணும். அவன் பெட்டியில வந்தா நீங்கதான் குளிப்பாட்டணும்."

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. ஆனால் கூடப் போனேன். பாடுவதானால் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு பாடட்டும் என்று போனேன்.

பைன் மரங்களுக்கு நடுவே செம்மண் திடல். கைதிகள் தூங்குகிற, சக்கரம் வைத்த இரும்புக் கூண்டுகள் ஓரமாக நின்றன. கோடுபோட்ட உடையில் ஆட்களை மண்ணில் உட்காரவைத்திருந்தார்கள். கேப்டன் ஒரு நாற்காலியில் இருந்தான். அவன் காலடியில் கிளெமென்ட். கேப்டனின் கை அவன் பிடரியில் இருந்தது, வளர்ப்பு நாயைப் பிடித்திருப்பதுபோல. கிளெமென்ட் மெலிந்துபோயிருந்தான். அம்மாவைப் பார்த்ததும் எழப்பார்த்தான். அந்தக் கை விடவில்லை.

வெர்டெல் ஒரு கவிழ்த்த பெட்டிமேல் உட்கார்ந்து கம்பிகளை முறுக்கினாள். முறுக்கிக்கொண்டே இருந்தாள். "போதும், ஆரம்பி" என்றான் ஒரு காவலாளி.

"கேப்டன் ஸ்லோன் தன் கையால தண்ணி கொடுத்தாரே,
ஆமா, கேப்டன் ஸ்லோன் தன் கையால தண்ணி கொடுத்தாரே,
வெயிலுதான் என் அண்ணனை வேகமா கூட்டிப் போயிருச்சே."

அந்தப் பொய்யையும் இரண்டு தடவை சொல்லவேண்டியிருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை, மகனையும் பார்க்கவில்லை. தன் விரல்களையே பார்த்தாள். எங்கள் ஆட்கள் பாட்டைச் சும்மா கேட்க மாட்டார்கள். ம்ம் என்பார்கள், ஆமாம் என்பார்கள், தொடையில் தட்டுவார்கள். அன்று அத்தனை பேரில் ஒரு சத்தம் இல்லை. சங்கிலிகூடச் சத்தம் போடவில்லை. பின்வரிசையில் ஒருவன் எழுந்து முதுகைக் காட்டித் திரும்பி நின்றான். துப்பாக்கிக் கட்டையால் அவன் முழங்காலின் பின்பக்கம் அடித்தார்கள். விழுந்தவன் விழுந்தபடி மண்ணில் முகத்தை வைத்துக்கொண்டான், திரும்பவில்லை.

கேப்டன் கைதட்டினான். "இன்னொரு தடவை" என்றான்.

அவள் மறுபடி பாடினாள்.

திரும்பி வரும் வழியில் வேலியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். நான் அவள் தலையைப் பிடிக்கவில்லை. கொஞ்சம் தள்ளி கிட்டாரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கிளெமென்ட்டை ரோட்டு வேலையிலிருந்து எடுத்துச் சமையல்கட்டில் போட்டார்கள். அதற்கு விலையாக ஒவ்வொரு மாதமும் பார்க்கப்போகிற ஞாயிற்றுக்கிழமை வெர்டெல் கேப்டன் முன்னால் பாடினாள். சில சமயம் அவன் விருந்தாளிகளையும் கூட்டிவந்து உட்காரவைப்பான். ஒருமுறை அவனுடைய மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாளாம். நான் பிறகு போகவில்லை. ஒரே வீட்டில், ஒரே அடுப்பில், உப்பு எடு, கதவைச் சாத்து என்பதைத் தவிர அந்தக் குளிர்காலம் முழுக்க அவளோடு பேசவில்லை.

ஊரும் பேசவில்லை. அவளுக்காகத் தட்டை உடைத்தவர்களுக்குத்தான் கோபம் அதிகம். ஆலையில் பெண்கள் அவள் வந்ததும் பாடுவதை நிறுத்துவார்கள். "கேப்டனோட பாட்டுக்காரி வந்துட்டா, வழி விடுங்கடீ" என்றாள் ஒருத்தி. வெர்டெல் தன் இடத்தில் உட்கார்ந்து காம்பு கிள்ளினாள். காகின் அடுத்த பதிவுக்குக் கூப்பிட்டபோது, "எனக்கு வரலைங்க ஐயா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள். சாட்டர்ஃபீல்ட் அக்கா கிறிஸ்துமஸுக்கு முன்னால் வீட்டைக் காலிசெய்து, கிராமபோனையும் அந்தத் தட்டையும் போர்வையில் சுற்றிக்கொண்டு பிலடெல்பியாவில் இருக்கும் மகளிடம் போய்விட்டாள். எங்கள் ஊரில் தட்டு இருக்கிறது என்று எங்களிடம் ஒத்துக்கொண்டவள் அவள் ஒருத்திதான்.

வசந்தத்தில் டாக்வுட் மரம் பூக்கிற சமயத்தில் கிளெமென்ட் வீட்டுக்கு வந்தான். நடந்தே வந்தான். கணுக்காலைச் சுற்றிச் சங்கிலி அறுத்த புண் இன்னும் ஆறவில்லை. வெர்டெல் உப்புப் பன்றிக்கறி வறுத்து, கீரை வேகவைத்து, சோள ரொட்டி சுட்டு வைத்தாள். அவன் சாப்பிட்டான். அவள் எதிரே உட்காராமல் நின்றுகொண்டே அவன் வாயைப் பார்த்தாள்.

தட்டு பாதி காலியானபோது அவன் தலையைத் தூக்காமல் சொன்னான்.

"நான் உன்னைப் பாடச் சொல்லலையேம்மா."

அவள் துணியால் மேசையைத் துடைத்தாள்.

"அங்க ஒருத்தனும் என்கூட உக்காந்து சாப்பிடலை. நான் போட்ட சோத்தைக்கூட மண்ணு பட்ட மாதிரி தட்டிட்டுத் தின்னாங்க. உன் மாமனை வித்து வாங்கின கரண்டிடா அதுன்னாங்க. ரோட்டுலயே செத்திருந்தாலும்..."

அவன் முடிப்பதற்குள் நான் அறைந்துவிட்டேன். எப்படி எழுந்தேன் என்று தெரியாது. ரொட்டி அவன் வாயிலிருந்து விழுந்தது.

"சொல்லாதடா அதை! இன்னொரு தடவை சொல்லாத! யாருக்குடா புருஷன் போனான்? எனக்குடா. நான் சொல்லலாம், நீ சொல்லக்கூடாது. உன் மாமனோட வாயில மண்ணு இருந்துச்சு, துணியால துடைச்சு எடுத்தேன். உன் வாயில ரொட்டி இருக்கு. அதை உனக்கு யாரு வெச்சான்னு பாரு!"

அந்தக் குளிர்காலம் முழுக்கப் பேசாத பேச்சு எல்லாம் அவன்மேல் போய் விழுந்தது. வெர்டெல் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள், கையில் துணியோடு.

கிளெமென்ட் கீழே விழுந்த ரொட்டியை எடுத்துத் தட்டில் வைத்தான். பிறகு, "நெஜப் பாட்டை நான் கேட்டதே இல்லை அத்தை" என்றான். "ரெக்கார்டு வர்றதுக்கு முன்னாடியே என்னைப் பிடிச்சிட்டாங்க. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் அந்தக் கேம்ப் பாட்டுதான். அம்மா, ஒரு தடவை பாடேன். மாமாவுக்கு நடந்தது மாதிரியே."

வெர்டெலின் முகம் மலர்ந்ததை அந்த வருஷத்தில் அன்றுதான் பார்த்தேன். ஓடிப்போய் கிட்டாரை எடுத்துவந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள். கட்டைவிரல் ஆரம்பித்தது. பழைய கை, கொஞ்சமும் தப்பவில்லை. வாயைத் திறந்தாள்.

"கேப்டன் ஸ்லோன் தன் கையால..."

நிறுத்திவிட்டாள். சிரிக்கப் பார்த்தாள். தலையை உதறிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள். மறுபடியும் அதுதான் வந்தது. கண்ணை மூடி, பல்லைக் கடித்து, கம்பியை ஓங்கி அடித்து ஆரம்பித்தாள். "கேப்டன் ஸ்லோன் தன்..." ஒவ்வொரு மாதமும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பாடிப் பாடி அந்தப் பொய் அவள் நாக்கில் ஊறிவிட்டிருந்தது. வார்த்தைகள் அவளுக்குத் தெரியும். நான் பக்கத்தில் இருந்து எடுத்துக்கொடுத்தேன். பேச்சாகச் சொல்ல அவளுக்கு வந்தது. ராகத்தோடு சேர்த்தால் வாய் கேப்டனின் வரிக்குப் போய்விட்டது.

"அண்ணி, எனக்கு வரலை" என்றாள். "அண்ணி, எனக்கு வரவே மாட்டேங்குது."

கிளெமென்ட் எழுந்துவந்து கிட்டாரை அவள் மடியிலிருந்து எடுத்தான். அவள் விரல்கள் கம்பியில்லாமல் இன்னும் அசைந்துகொண்டிருந்தன. அவன் மண்டியிட்டு அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அம்மா அம்மா என்றான்.

கோடையில் அவன் பால்டிமோருக்குப் போனான். இந்த ஊரில் அவனால் தலைநிமிர்ந்து நடக்க முடியவில்லை. அம்மாவை வரச் சொல்லி ஆள் மூலம் சொல்லி அனுப்பிக்கொண்டே இருக்கிறான். அவள் போகவில்லை. ஸ்லோன் இன்னும் அதே வேலையில்தான் இருக்கிறான். வெர்டெல் பாடுவதில்லை. காலையில் சங்கு ஊதினால் நானும் அவளும் சேர்ந்துதான் ஆலைக்குப் போகிறோம். ஒரே பலகையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து காம்பு கிள்ளுகிறோம். பேசிக்கொள்கிறோம். யாராவது ராகம் இழுக்க ஆரம்பித்தால் அவள் வாயைப் புறங்கையால் மூடிக்கொள்கிறாள், இருமல் வருவதுபோல.